செவர்லேவுக்குள் ஒரு ஃபோர்டு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தைக் கிழக்கு மேற்காகக் கடக்க ரெண்டு வழி. சீக்கிரம் போய்ச் சேரணும்னா ஐ-40 நெடுஞ்சாலை. ஊர்களைப் பார்த்துக்கிட்டே போகணும்னா, மிச்சம் இருக்கிற ரூட் 66.

1926 நவம்பர் 11 அன்று நம்பர் கொடுத்த ரோடு அது. சிகாகோவில் ஆரம்பித்து கலிபோர்னியாவின் சான்டா மோனிகா வரைக்கும் 2,448 மைல். 1930-களில் புழுதிப் புயலில் நிலத்தைத் தொலைத்த விவசாயிகள் சட்டி பானையோடு மேற்கே போனது இதன் வழியாகத்தான். 1956-ல் அதிபர் ஐசன்ஹோவர் புது நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்துப் போட, நாலு வழி ரோடுகள் ஊர்களை ஒதுக்கிவிட்டு நேர்க்கோடாக ஓட ஆரம்பித்தன. 1985-ல் ரூட் 66 என்ற நம்பரையே எடுத்துவிட்டார்கள்.

செலிக்மன் என்ற சின்ன ஊரின் கதையும் அதுதான். 1978 செப்டம்பர் 22. அன்றைக்கு ஐ-40 திறந்தது. அன்றைக்கே ஊரின் வியாபாரம் மூடியது. ஏஞ்சல் டெல்கடில்லோ என்ற முடிதிருத்துபவர் சும்மா இருக்காமல் 1987-ல் ஒரு சங்கம் ஆரம்பித்து, அரசாங்கத்தோடு மல்லுக்கட்டி, தங்கள் பக்கத்து ரோட்டுக்கு 'வரலாற்றுச் சாலை' என்ற அந்தஸ்தை வாங்கினார். 2006-ல் வந்த 'கார்ஸ்' அனிமேஷன் படத்தில் ஒரு மறக்கப்பட்ட ஊர் வருமே, அதன் கதைக்குக் கரு கிடைத்த இடங்களில் இதுவும் ஒன்று. இப்போ டூரிஸ்ட் பஸ் வருது, நினைவுப் பொருள் கடை இருக்கு, போட்டோ எடுக்க துருப்பிடித்த பழைய கார்களை வரிசையாக நிறுத்தியிருக்காங்க.

இதெல்லாம் கைடு புத்தகத்திலேயே இருக்கு பாஸ். நான் சொல்ல வந்தது, அங்கே போட்டோவுக்கு நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வண்டியைப் பத்தி.

1951 மாடல் செவர்லே 3100. முன்னால் ரெண்டு மூன்று பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. வட்ட வட்டமான முகம், பச்சைப் பெயின்ட். வைக்கோல் ஏற்ற வாங்கிய வண்டி. இப்போ அதை வைத்திருப்பவர் வாங்கியவரின் மகன். அவரும் எழுபதைத் தாண்டிய தாத்தா ஆகிவிட்டார். அவருடைய பேத்திக்கு ஃபிளாக்ஸ்டாஃப் நகரத்தில் இருக்கும் நார்தர்ன் அரிசோனா பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் சீட் கிடைத்திருந்தது. செலிக்மனில் இருந்து சுமார் 75 மைல். 'காலேஜுக்கு நம்ம வண்டியிலேயே போறேன்' என்கிறாள் பேத்தி. 'முடியாது' என்கிறார் தாத்தா. ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போகலாம் என்று போன நான், இந்தச் சண்டைக்கு நடுவில் அஞ்சு நாள் தங்கினேன்.

சண்டைக்கு மூலகாரணம் வண்டியின் பின் ஆக்சில். கொஞ்சம் கணக்கு வருது, பயப்படாதீங்க. பி.ஏ. தமிழ் படிக்கிறவங்களுக்கும் புரியும்.

எஞ்சின் எத்தனை தடவை சுற்றினால் பின் சக்கரம் ஒரு தடவை சுற்றும் என்பதை ஆக்சிலின் வயிற்றுக்குள் இருக்கும் கிரவுன் வீலும் பினியனும் முடிவு செய்யும். டாப் கியரில் இந்த வண்டிக்கு 4.11. அதாவது எஞ்சின் நாலே சொச்சம் சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. வைக்கோல் இழுக்க, மண் ரோட்டில் ஊர அருமையான கணக்கு. ஆனால் டயரின் உயரம் சுமார் 28 இஞ்ச். ஒரு மைலுக்கு அது 720 தடவை உருளணும். மணிக்கு 60 மைல் என்றால் நிமிஷத்துக்கு ஒரு மைல். 720 பெருக்கல் 4.11... எஞ்சின் நிமிஷத்துக்கு 2,960 சுற்று. ஐ-40-ல் அனுமதித்த வேகம் 75 மைல், நம்ம கணக்கில் 120 கிலோமீட்டர். அதற்கு 3,700 சுற்று!

'சுத்தட்டுமே, என்ன போச்சு?' என்று கேட்கலாம். இந்த 216 கன இஞ்ச் எஞ்சினில் கனெக்டிங் ராடுகளுக்கு ஆயில் போகும் விதமே வேற. ராடின் அடியில் சின்னக் கரண்டி மாதிரி ஒரு நீட்டல் இருக்கும். அது ஆயிலில் முங்கி முங்கி வாரி இறைத்துக்கொள்ளும். பேரிங்கோ உருக்கி ஊற்றிய மெத்து உலோகம். மணிக்கணக்காக விரட்டினால் தாங்காது. 92 குதிரைத்திறனையும் அது 3,400 சுற்றிலேயே கொடுத்து முடித்துவிடும். அதற்கு மேல் வெறும் சத்தம்தான்.

பழைய ரோட்டில் இந்தப் பிரச்னையே இல்லை. ஆஷ் ஃபோர்க் பக்கத்தில் ஆரம்பித்து செலிக்மன், கிங்மன் வழியாக கலிபோர்னியா எல்லை வரை சுமார் 158 மைல் ரூட் 66 அப்படியே இருக்கு. அதில் 50 மைல் வேகத்தில் வண்டி பாட்டுப் பாடிக்கிட்டுப் போகும். கல்லூரி இருப்பதோ எதிர்த் திசையில், கிழக்கே. ஆஷ் ஃபோர்க் தாண்டினால் ஐ-40-ல் ஏறித்தான் ஆகணும். ஏறியதுமே மலை. ஆஷ் ஃபோர்க் 5,160 அடி உயரம், அடுத்த ஊர் வில்லியம்ஸ் 6,766 அடி. இருபது மைலுக்குள் 1,600 அடி ஏற்றம்.

ஒரு வருஷம் முன்னால் தாத்தாவுக்குத் தெரியாமல் பேத்தி அந்த மலையில் வண்டியை ஏற்றியிருக்கிறாள். வேகம் 40 மைலுக்கு இறங்கிவிட்டது. பின்னால் வந்த 18 சக்கர லாரி கடைசி நிமிஷத்தில் பிரேக் அடித்து, ஹாரனை அழுத்தி, கண்ணாடி முழுக்க லாரியின் முகம் மட்டுமே தெரிந்த அந்தச் சில வினாடிகளை அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தாத்தா சிரிக்கவில்லை. அன்றைக்கு ஒளித்து வைத்த சாவியை அவர் பத்து மாதம் தரவே இல்லையாம்.

பேத்தியின் வாதம்: ஆக்சிலை மாத்தினா நெடுஞ்சாலையில மத்தவங்களோட சேர்ந்து போகலாம். தாத்தாவின் வாதம்: ஆக்சிலை மாத்தினா அது எங்கப்பா வண்டியே இல்ல.

கடைசியில் தாத்தா மூணு நிபந்தனையோடு இறங்கி வந்தார். ஒன்று, முதலில் பிரேக். அந்தக் கால வண்டியில் நாலு சக்கர பிரேக்குக்கும் ஒரே ஆயில் பாதை, ஒரு இடத்தில் ஒழுகினால் நாலும் காலி. அதனால் ரெட்டைப் பாதை மாஸ்டர் சிலிண்டரும் முன்னால் டிஸ்க் பிரேக்கும் நான் போவதற்கு முன்பே போட்டு முடித்திருந்தார்கள். ரெண்டு, சேசிஸில் ஒரு வெட்டு விழக்கூடாது. என்றைக்காவது பழைய ஆக்சிலைத் திரும்பப் பூட்ட முடியணும். மூணு, பல் எண்ணிக்கையை முடிவு செய்யும்போது தன்னைக் கேட்கணும்.

இந்த மூன்றாவது நிபந்தனைதான் முக்கியமானது என்று அப்போ எனக்குத் தெரியலை.

பேத்தி 3.27 வேணும் என்றாள். அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கணக்குப் போட்டுக் காட்டினாள். 75 மைலில்கூட 2,950 சுற்றுக்குள் அடங்கும். தாத்தா அட்டையைப் பார்க்கவே இல்லை. 'அந்த மலைல எஞ்சினுக்கு மூச்சு எங்கிருந்து வரும்?' என்றார். ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் வீதம் எஞ்சின் பலம் குறையும். 7,000 அடியில் 92 குதிரையில் இருபதைக் கழித்துவிடணும். பல் கணக்கு இறங்க இறங்க இழுவையும் இறங்கும். சம தரையில் பறக்கும் வண்டி மலையில் படுத்துவிடும். அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு 3.55 என்று முடிவானது. 65 மைலில் பழைய ஆக்சிலுக்கு 3,200 சுற்று, இதற்கு 2,770. புத்தகக் கணக்கும் மலைக் கணக்கும் பாதி பாதி விட்டுக்கொடுத்து வந்த நம்பர் அது.

ஆக்சில் தேடி பீனிக்ஸுக்குப் போனோம். மூணு மணி நேரப் பயணம். அங்கே நீங்களே கழற்றிக்கொள்ளும் பழைய இரும்புக் கடைகள் உண்டு. நுழைவுக் கட்டணம் கொடுத்துவிட்டு சொந்த ஸ்பானர் பையோடு உள்ளே போகணும். நம்ம புதுப்பேட்டையை அப்படியே பாலைவனத்தில் பரப்பி, பேரம் பேசும் அண்ணன்களை மட்டும் எடுத்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. ஏக்கர் கணக்கில் வண்டிகள், பழைய ரிம் மேல் தூக்கி நிறுத்தி. மேலே ஆகஸ்ட் வெயில். ஸ்பானரைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தால் கை பொத்துப் போகும்.

பேத்தி தேடியது 1995-ல் இருந்து 2001 வரை வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர். அதன் பின் ஆக்சிலுக்கு '8.8' என்று பெயர், உள்ளே இருக்கும் கிரவுன் வீலின் விட்டம் 8.8 இஞ்ச். முரட்டு ஆக்சில். டிஸ்க் பிரேக்கோடு வரும், குப்பை விலைக்குக் கிடைக்கும். முக்கியமா, நடுவழியில் பேரிங் போனால் எந்த ஊர் உதிரி பாகக் கடையிலும் ராத்திரி எட்டு மணிக்கும் வாங்கலாம். 1951 மாடல் பேரிங்கை எங்கே போய்த் தேடுவது?

ஆக்சில் மூடியின் போல்ட்டில் ஒரு தகரத் துண்டு தொங்கும், அதில் 3 55 என்று அடித்திருக்கும். நாங்கள் பார்த்த நாலாவது வண்டியில் தகரம் இல்லை. ஒரு பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை ரெண்டு முழுச் சுற்று சுற்றினாள். நான் பினியனில் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினேன். மூன்றரைக்குக் கொஞ்சம் மேலே. 'இதுதான்!' ரெண்டு மணி நேரம் மல்லுக்கட்டிக் கழற்றினோம். இருநூறு டாலருக்குள் முடிந்தது. என் முதுகுவலிக்கு ஆன செலவு தனி.

சரி, தாத்தாவிடம் எப்படிச் சொல்வது? செவர்லே வீட்டுக்குள் ஃபோர்டு போவது, தீவிர ரஜினி ரசிகர் வீட்டுக் கூடத்தில் கமல் போஸ்டர் மாட்டுகிற மாதிரி. அவர் ஆக்சிலைச் சுற்றி வந்தார். மூடியைத் தட்டிப் பார்த்தார். 'எங்கப்பா இருந்திருந்தா உங்க ரெண்டு பேரையும் இந்த ஷெட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டார்' என்றார். அப்புறம் ஜாக்கியைத் தேடிப் போனார்.

பழையதைக் கழற்றியபோதுதான் அந்தக் கால வேலையின் அழகு தெரிந்தது. இப்போதைய வண்டிகளில் சேசிஸுக்கு அடியில் ஷாஃப்ட் வெளியே தெரியும்படி சுற்றும். இதிலோ ஷாஃப்ட் ஒரு கனத்த குழாய்க்குள் ஒளிந்திருக்கு. டார்க் டியூப் என்பார்கள். குழாயும் ஆக்சிலும் ஒரே உடம்பு. முன்பக்கம் கியர் பெட்டியோடு ஒரு பந்து மூட்டு. சக்கரம் வண்டியைத் தள்ளும் விசையெல்லாம் அந்தக் குழாய் வழியாகத்தான் முன்னால் போகும். அந்தக் கால அரை டன் செவர்லே பிக்-அப்பில் இந்த அமைப்புதான். அதனால் இந்த வண்டியில் பின் ஆக்சிலை மட்டும் மாற்ற முடியாது. கியர் பெட்டியும் மாறணும். 1955-க்குப் பிந்தைய லாரி ஒன்றின் மூணு கியர் பெட்டியைத் தாத்தாவே எங்கேயோ பிடித்து வைத்திருந்தார். 'முடியாது, முடியாது' என்று சொல்லிக்கொண்டே பத்து மாதமாகத் தேடியிருக்கிறார் மனுஷன்!

நட்டுகளைக் கழற்றிப் பின்னால் உருட்டியபோது, ஒரு பெரிய ஆங்கில 'டி' எழுத்து மாதிரி ஷெட்டிலிருந்து வெளியே வந்தது பழைய ஆக்சில். அதைத் துடைத்து, கிரீஸ் பூசி, தார்ப்பாய் சுற்றி ஷெட்டின் மூலையில் பலகை மேல் ஏற்றினார். அந்த வேலைக்கு மட்டும் எங்களைக் கூப்பிடவில்லை.

புது ஆக்சிலை உட்கார வைப்பதில் ரெண்டு சிக்கல். எக்ஸ்ப்ளோரரில் ஸ்பிரிங் பட்டை ஆக்சிலுக்குக் கீழே இருக்கும், இந்த வண்டியில் மேலே. அதனால் பட்டை உட்காரும் தட்டுகளைப் புதிதாக வெல்டிங் வைக்கணும். அதையும் நினைத்த கோணத்தில் வைக்கக் கூடாது. கியர் பெட்டியின் வால் எத்தனை டிகிரி கீழே சாய்கிறதோ, ஆக்சிலின் மூக்கு அத்தனை டிகிரி மேலே பார்க்கணும். ரெண்டும் இணையாக இல்லாவிட்டால் ஷாஃப்ட் அதிரும், ஜாயிண்ட் தேயும். இந்தக் கோணத்தை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது அளந்தால் தப்பு. நாலு சக்கரமும் தரையில் நின்று, எடை இறங்கியிருக்கும்போது அளக்கணும். பேத்தி செல்போனை வைத்து அளந்தாள். தாத்தா காந்தம் வைத்த பழைய கோணமானியை ஒட்ட வைத்தார். அரை டிகிரி வித்தியாசம். யாருடையது சரி என்பது இன்னும் முடிவாகலை. பக்கத்துத் தெரு வெல்டர் வந்து, ஒரு இஞ்ச் பற்றவைத்து, ஆறவிட்டு, மறுபக்கம் ஒரு இஞ்ச் என்று சாயங்காலம் வரை இழுத்தார். அவசரப்பட்டால் சூட்டில் ஆக்சில் குழாயே வளைந்துவிடுமாம்.

அடுத்தது சக்கரம். செவர்லேவுக்கு ஆறு போல்ட், ஃபோர்டுக்கு அஞ்சு. இடையில் ஒண்ணேகால் இஞ்ச் கனத்துக்கு அடாப்டர் போட்டால் ஆறு போல்ட் பழைய சக்கரமே மாட்டும். ஃபோர்டு ஆக்சில் செவர்லேவுடையதைவிடக் கொஞ்சம் குட்டை, அந்த இடைவெளியையும் அடாப்டரே நிரப்பிவிட்டது. செம பொருத்தம்.

புது ஷாஃப்டை அளவெடுத்துச் செய்ய கிங்மன் போகணும். என் வாடகைக் காரில் தாத்தாவும் நானும் போனோம். 'ஐ-40 வேண்டாம்' என்றார். பழைய ரோட்டில் 87 மைல். ஒரு பக்கம் மைல் நீளத்துக்குச் சரக்கு ரயில், இன்னொரு பக்கம் மஞ்சள் புல்வெளி, தூரத்தில் மதிய நேரத்து மழை மேகம் ஒரு கரும் திரை மாதிரி தொங்கிக்கொண்டே கூட வந்தது. வாலப்பாய் பழங்குடி மக்களின் தலைநகர் பீச் ஸ்பிரிங்ஸ், அப்புறம் ட்ரக்ஸ்டன், ஹேக்பெரி. நடு நடுவே கூரை போன பெட்ரோல் பங்குகள். ஒவ்வொன்றுக்கும் ஓனர் பெயர் சொன்னார். 1978-ல் அவரே ஒரு பங்கில் மெக்கானிக். 'அன்னிக்குக் காலைல ரோட்டைக் கடக்க காத்து நின்னேன். சாயங்காலம் ரெண்டு பக்கமும் திரும்பிப் பார்க்கவே தேவைப்படல' என்றார். அப்புறம் ஹேக்பெரி வரும்வரை பேசவில்லை. ஐ-40 மேல் அவருக்கு இருந்த கோபம் பல் கணக்கில் அடங்குகிற சமாச்சாரம் இல்லை என்று அப்போதான் எனக்கு உறைத்தது.

ஆனாலும் என் ஓட்டு பேத்திக்குத்தான். ஒரிஜினல், ஒரிஜினல் என்று பொத்திப் பொத்தி வைத்த வண்டிகள் செலிக்மன் தெருவோரம் போட்டோவுக்கு நின்றுகொண்டிருப்பதைத்தான் பார்த்தோமே.

ஞாயிற்றுக்கிழமை, மழை வருவதற்கு முன் காலையிலேயே கிளம்பினோம். பேத்தி ஓட்ட, பக்கத்தில் தாத்தா. பின்னால் பாதுகாப்புக்கு நான். ஆஷ் ஃபோர்க் வரை பழைய ரோடு, அப்புறம் ஐ-40. சம தரையில் 60... 62... 65! முன்பு 'உய்ய்ய்ங்' என்று அழுத வண்டியா இது? தாத்தாவின் தொப்பி ஜன்னலோரம் அசையாமல் இருந்தது.

மலை ஆரம்பித்தது. 60, 55, 48. செகண்ட் கியர். 40. போன வருஷம் இருந்த அதே 40! ஆக்சில் மாற்றினால் சம தரைக்கு வேகம் வரும், எஞ்சினுக்குப் புது பலம் வராது. 3.27 போட்டிருந்தால் இதைவிட மோசமாகியிருக்கும். ஆனால் இந்தத் தடவை அவள் முதலிலேயே வலது ஓரப் பாதைக்கு வந்து, நாலு மூலையிலும் சிக்னல் விளக்கைச் சிமிட்டவிட்டு, நிதானமாக ஏறினாள். நானும் பின்னால் சிமிட்டிக்கொண்டே ஏறினேன். மூணு பெரிய லாரிகள் தூரத்திலேயே எங்களைப் பார்த்து இடது பக்கம் ஒதுங்கிப் போயின. ஒரு ஹாரன்கூட இல்லை.

வில்லியம்ஸில் நிறுத்தி, தாத்தா கீழே படுத்து ஆக்சில் மேல் கை வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். ஓட்டிய பிறகு புது யு-போல்ட் நட்டுகள் கொஞ்சம் தளரும் என்று சொல்லி எட்டையும் மறுபடி முறுக்கினார். அதில் ரெண்டு நிஜமாகவே கால் சுற்று சுற்றியது. பேத்தி அதைக் கவனித்துக்கொண்டாள்.

ஃபிளாக்ஸ்டாஃப் வளாகத்தில் உயர உயரமான பைன் மரங்களுக்கு நடுவே நிறுத்தியதும் பசங்க கூடிவிட்டார்கள். ஒருத்தன் சுற்றி வந்து, 'சார், எல்லாமே ஒரிஜினலா?' என்று கேட்டான்.

'செவர்லே. முழுக்க செவர்லே' என்றார் தாத்தா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். பேத்தி இருமினாள். அந்தப் பையனோ ஏற்கெனவே குனிந்து அடியில் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது தாத்தா என் காரில் வந்தார். வில்லியம்ஸ் இறக்கத்தில் நான் 75-ல் போக, கொஞ்சம் மெதுவாகப் போகச் சொன்னார். ஃபிளாக்ஸ்டாஃபில் பனி கொட்ட ஆரம்பித்தால் வண்டி செலிக்மன் ஷெட்டுக்குத் திரும்பிவிடும், ரோட்டில் போடும் உப்பு தகரத்தைத் தின்றுவிடும் என்றார். அதுவரைக்கும் ரெண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, வெளிச்சம் இருக்கும்போதே அவள் கிளம்பி வரணும் என்பது ஏற்பாடு. நாலாவதாக ஒரு நிபந்தனையும் சேர்த்திருக்கிறார். வந்த உடனே எட்டு நட்டையும் முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பாடு.